ஆலயப் பணிக்குழுவில் புதிதாகச் சேருவோருக்கு: திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபையார் காண்பது குருவானவரையும் பாடகர் குழுவையும்தான். ஆனால் அந்த ஒரு மணிநேரமோ ஒன்றரை மணிநேரமோ ஒழுங்காக நடப்பதற்கு, விடிந்ததும் வந்து கதவைத் திறப்பவர், இருக்கைகளைத் துடைப்பவர், வாசலில் வரவேற்பவர், வேதபாடம் வாசிப்பவர், ஒலிபெருக்கியை இயக்குபவர், காணிக்கை எடுப்பவர், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர், முடிவில் திருவிருந்துப் பாத்திரங்களைக் கழுவி அடுக்குபவர் எனப் பலர் தேவைப்படுகிறார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். இந்தக் கட்டுரை அப்படியொரு குழுவில் இப்போதுதான் சேர எண்ணுபவர்களுக்காக எழுதப்படுகிறது: கோணேசபுரியில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் மாணவர்கள், இடமாற்றம் பெற்று வந்த ஆசிரியர்கள், தாதியர், வங்கி ஊழியர்கள், திடப்படுத்தலோ உறுதிபூசுதலோ பெற்று முதன்முறையாகப் பொறுப்பொன்றை ஏற்கும் உள்ளூர் இளைஞர்கள் ஆகியோரை மனத்தில் வைத்திருக்கிறேன்.

தொடங்கும்போதே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பணிக்குழுவுக்கு மிகவும் தேவையானவர், வருவாரா மாட்டாரா என்று பொறுப்பாளர் ஒருபோதும் யோசிக்க வேண்டியிராதவர். திறமையை மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். சொன்ன நேரத்துக்கு வருவதையும், வர இயலாதபோது காலத்தோடு அறிவிப்பதையும் முதல் நாளிலிருந்தே கடைப்பிடிக்க வேண்டும். எருசலேம் சபையில் விதவைகளுக்கான அன்றாட உணவுப் பங்கீட்டில் குறை எழுந்தபோது, அப்போஸ்தலர்கள் அந்த வேலைக்காகத் தேடச் சொன்னது நற்சாட்சி பெற்ற ஏழு பேரை. பந்தி விசாரிப்புக்கே அந்தத் தகுதி கேட்கப்பட்டது என்பதை அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தில் காண்கிறோம்.

சேருவதற்கு முன்

புதிய ஊருக்கு வந்த முதல் ஞாயிறே பெயரைக் கொடுத்துவிட வேண்டாம். சில வாரங்கள் சபையாரோடு அமர்ந்து ஆராதியுங்கள். எந்த வழியாக வருகிறார்கள், முதியவர்கள் எங்கே அமர்கிறார்கள், காணிக்கை எந்தப் பாட்டின்போது எடுக்கப்படுகிறது, திருவிருந்துக்கு எந்த வரிசை முதலில் எழுகிறது என்பவற்றைக் கண்ணால் கண்டு பழகுங்கள். கத்தோலிக்கப் பங்கின் ஒழுங்கு வேறு, மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளின் ஒழுங்கு வேறு, சுயாதீன சபைகளின் ஒழுங்கு வேறு. ஒன்றில் வளர்ந்தவர் மற்றொன்றில் "எங்கள் ஊரில் இப்படித்தான் செய்வோம்" என்று தொடங்கினால், உதவி செய்ய வந்தவர் திருத்த வந்தவராகத் தோன்றிவிடுவார்.

பிறகு பங்குத்தந்தையிடமோ குருவானவரிடமோ போதகரிடமோ நேரில் பேசுங்கள். அவர் உங்களை ஒரு குழுவின் பொறுப்பாளரிடம் அனுப்புவார். அந்தப் பொறுப்பாளரிடம் நீங்கள் கேட்டறிய வேண்டியவை இவை: எத்தனை மணிக்கு அங்கே நிற்க வேண்டும், மாதத்தில் எத்தனை ஞாயிறு, யாரிடம் பழக வேண்டும், என்ன உடை, வர முடியாவிட்டால் யாருக்கு அழைக்க வேண்டும். கடைசிக் கேள்வியைப் புதியவர்கள் கேட்பதில்லை. ஆர்வத்தோடு சேர வந்தவர் வராமலிருப்பதைப் பற்றி முதல் நாளே பேசுவது அழகில்லை என்று எண்ணுகிறார்கள். அதை முதல் நாளே கேட்பவரைத்தான் நான் நம்புவேன்.

ஒரே ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதங்களுக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறு போதும். பாடகர் குழு, ஞாயிறு பாடசாலை, வரவேற்பு என மூன்றிலும் பெயர் கொடுத்தவர் ஆறு மாதத்துக்குள் மூன்றிலிருந்தும் காணாமற்போவது நம் சபைகளில் அடிக்கடி நடக்கிறது. அதோடு, எந்தக் கடமையும் இல்லாமல் சும்மா அமர்ந்து ஆராதிக்கும் ஞாயிறுகளும் உங்களுக்கு வேண்டும். ஒவ்வொரு வாரமும் மைக்கையும் கதவையும் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பிரசங்கம் காதில் விழுவதே இல்லை.

உங்கள் நாட்காட்டியை முதலில் பாருங்கள்

திருகோணமலையில் பணிப்பட்டியல் போடுவது எளிதான காரியமன்று. வைத்தியசாலையிலும் துறைமுகத்திலும் வேலை செய்பவர்களுக்கு ஞாயிறும் வேலைநாளாக வரும். மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், மன்னார் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர்கள் வெள்ளி மாலை பஸ் ஏறினால் திங்கள் காலையில்தான் திரும்புகிறார்கள். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் பாடசாலை விடுமுறைகளில் பாதிக் குழு ஊரில் இருப்பதில்லை. போயா தினம் வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் அந்த வார இறுதியும் அப்படியே. இவை எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. ஆகவே மாதம் பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் வேலை அட்டவணையைப் பார்த்து, நிற்க இயலாத ஞாயிறுகளைப் பொறுப்பாளருக்கு எழுதி அனுப்புங்கள். கேட்டபின் சொல்வதைவிடக் கேட்குமுன் சொல்வது அவருக்கு எவ்வளவு நிம்மதி தருமென்பது, ஒருமுறை பட்டியல் போட்டுப் பார்த்தவருக்கே தெரியும்.

பட்டியல் வந்ததும் உங்கள் பெயரைத் தேடிப் பார்த்து, திகதிகளைக் கைபேசி நாட்காட்டியில் பதிந்து, வட்ஸ்அப் குழுவில் "பார்த்தேன், இரு நாளும் வருவேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா என்று பொறுப்பாளர் ஊகிக்க வேண்டியிருக்கக் கூடாது.

வர முடியாது என்று சொல்லும் முறை

இந்தப் பகுதியில் சற்று நேரம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் பெரும்பாலான குழுக்கள் தளர்வது இங்கேதான்.

பெரியவர் ஒருவர் கேட்டால் முகத்துக்கு நேரே மறுப்பது நமக்குக் கடினம். எனவே "பார்ப்போம் ஐயா", "முயற்சி செய்கிறேன் அக்கா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். சொன்னவர் அதை மரியாதையான மறுப்பாக நினைக்கிறார். கேட்டவர் அதை அரைச் சம்மதமாக எடுத்துப் பெயரைப் பட்டியலில் எழுதிவிடுகிறார். ஞாயிறு காலையில் வாசகர் பீடம் வெறுமையாக இருக்கிறது. ஆகவே கேட்ட இடத்திலேயே பதில் தெரியாவிட்டால், "நாளை இரவு எட்டு மணிக்குள் சொல்கிறேன்" என்று நேரம் குறித்துச் சொல்லி, அந்த நேரத்துக்குள் உறுதியாகச் சொல்லுங்கள். இயலாது என்று பணிவாகவும் தெளிவாகவும் சொல்வது யாரையும் அவமதிப்பதாகாது.

ஏற்றுக்கொண்டபின் தடை வந்தால், தெரிந்த அந்த நேரத்திலேயே அறிவியுங்கள். புதன்கிழமை மாறிய கடமை நேரத்தைச் சனி இரவு சொல்வதில் பொருளில்லை. நான்கு நாட்களுக்கு மேல் அவகாசம் இருந்தால் குறுஞ்செய்தி போதும். ஒரு நாளுக்குள் என்றால் தொலைபேசியில் அழைத்தே பேச வேண்டும். குழுவில் ஒரு செய்தியைப் போட்டுவிட்டு, பார்த்திருப்பார்கள் என்று எண்ணி உறங்கக் கூடாது. அழைப்பதற்கு முன், குழுவில் அதே வேலை தெரிந்த ஒருவரிடம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிடுவது நல்லது. அதன்பின் செய்தி இப்படி அமையலாம்:

"அண்ணா, வரும் ஞாயிறு எனக்குக் காலைக் கடமை போட்டுவிட்டார்கள். முதலாம் பாடத்தை மேரி அக்கா வாசிக்கச் சம்மதித்திருக்கிறா. அவவின் 24ஆம் திகதி முறையை நான் எடுக்கிறேன். உங்களுக்குச் சரிதானே?"

இதில் காரணம் ஒரு வரியில் இருக்கிறது, மாற்று ஒழுங்கு இருக்கிறது, இறுதி முடிவு பொறுப்பாளரிடம் விடப்பட்டிருக்கிறது. இதற்கு மேல் நீண்ட விளக்கமோ மன்னிப்போ தேவையில்லை. மாற்றுக்கு ஆள் கிடைக்காவிட்டாலும் மறைக்காமல் அதையும் சொல்லுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

சாவீடு, திடீர் நோய், பிள்ளையின் காய்ச்சல் போன்றவை யாருக்கும் வரும். மாரிகாலத்தில் காய்ச்சலோடு வந்து வாசலில் நின்று எல்லோர் கையையும் பற்றுவது தியாகமாகாது. அன்று வீட்டில் இருந்து அழைத்துச் சொல்வதே பொறுப்பான செயல்.

சனிக்கிழமை மாலை

ஞாயிறு காலையின் தாமதங்கள் பெரும்பாலும் சனி இரவில் உருவாகின்றன. உடையை எடுத்து மடித்து வையுங்கள். மோட்டார் சைக்கிளில் எரிபொருள் இருக்கிறதா, ஐப்பசி முதல் தை வரையான மாதங்களாயின் மழைக்கோட்டு கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நிலாவெளியிலிருந்தோ மூதூர்ப் பக்கமிருந்தோ பஸ்ஸில் வருபவர்கள், ஞாயிற்றுக்கிழமை பஸ்கள் குறைவாக ஓடும் என்பதைக் கணக்கில் எடுத்து, ஒரு பஸ் தவறினாலும் அடுத்ததில் வந்து சேரும்படி புறப்பட வேண்டும்.

வாசகராக இருந்தால், பகுதியை மூன்று முறையாவது உரத்து வாசியுங்கள். கண்ணால் மட்டும் பார்ப்பது போதாது. நெபுகாத்நேச்சார், மெசொப்பொத்தாமியா போன்ற பெயர்கள் நாவில் ஏறிப் பழகியிருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிரதியும் ஆலயத்துப் பிரதியும் ஒரே மொழிபெயர்ப்புத்தானா என்று உறுதிசெய்யுங்கள். கத்தோலிக்க ஆலயங்களில் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும், ஏனைய பல சபைகளில் பழைய பரிசுத்த வேதாகமமும் பயன்படுகின்றன. வாக்கிய அமைப்பு இரண்டிலும் வேறானது. எதிலிருந்து வாசிக்கப்போகிறீர்களோ அதிலேயே பயிற்சி செய்யுங்கள். மூச்சு விட வேண்டிய இடங்களை உங்கள் சொந்தப் பிரதியில் மட்டும் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம்.

ஆராதனை நாள்

குறைந்தது அரை மணிநேரம் முன்னதாக வந்துவிடுங்கள்; ஒலிபெருக்கிக் குழுவினர் ஒரு மணிநேரம் முன்னதாக வருவது நல்லது. வந்ததும் பொறுப்பாளரின் கண்ணில் படுங்கள், "வந்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையோடு அவருடைய கவலைகளில் ஒன்று தீர்ந்துவிடும். பிறகு யன்னல்கள், மின்விசிறிகள், பாட்டுப் புத்தகங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரே இரவில் இருக்கைகளில் புழுதி படிந்துவிடும்; வெள்ளைச் சேலையில் வரும் அம்மாமார் அமர்வதற்கு முன் அவற்றைத் துடைக்க வேண்டும். மழைக்காலத்தில் வாசற்படியின் ஈரத்தைத் துடைத்துச் சாக்கு விரிப்பதும், குடைகளுக்கு ஓரிடம் ஒதுக்குவதும் வரவேற்புக் குழுவின் வேலை.

வாசலில் நிற்பவர் கைபேசியைப் பையில் போட்டுவிட வேண்டும். சகபணியாளரோடு கதைத்துக்கொண்டே தலையசைப்பது வரவேற்பாகாது. தெரிந்த குடும்பங்களைவிடத் தெரியாத முகங்களிடம் முதலில் போங்கள். மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளுக்கு வருபவர்களில் சிலர் ஞாயிறு காலையில் ஆலயத்தைத் தேடி வருவார்கள்; நகரில் வேலை பார்க்கும் சிங்களக் குடும்பங்களும் வரலாம். ஆராதனை எந்த மொழியில் நடக்கிறது, வேறு மொழி ஆராதனை எத்தனை மணிக்கு என்பதை அவர்களுக்குச் சொல்லும் அளவுக்காவது தெரிந்திருங்கள். பிந்தி வருபவர்களை ஜெபத்தின்போதும் வேதவாசிப்பின்போதும் உள்ளே அழைத்துச் செல்லாமல், பாட்டுத் தொடங்கியதும் அமர்த்துங்கள். ஊன்றுகோலோடு வருபவர்களுக்கு மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம். அவர்களை நிற்க வைப்பது முறையன்று.

வாசற்பணி 2019 ஏப்ரல் 21க்குப் பின் நம் நாட்டில் வேறொரு கனம் பெற்றுவிட்டது. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் ஆலயங்கள் தாக்கப்பட்ட அந்த உயிர்த்த ஞாயிறன்று, நமக்கு அண்டை நகரான மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் பலர் உயிரிழந்தார்கள். அங்கே தாக்குதலாளியைப் பிரதான மண்டபத்துக்குள் போகவிடாமல் வெளியே தடுத்தவர் சபையைச் சேர்ந்த ஒருவர், அவரும் மரித்தார். ஆகவே நுழைவாயிலில் பைகளைக் கவனிக்கும் முறை உங்கள் ஆலயத்தில் இருந்தால், அதைச் சடங்காகச் செய்யாதீர்கள். எல்லோரிடமும் ஒரே விதமாக, சிரித்த முகத்தோடு, சலிப்பில்லாமல் செய்யுங்கள். ஒருவருடைய பெயரையோ உடையையோ பார்த்து அவரை மட்டும் தனித்து நிறுத்துவது, பல சமயத்தவரும் அயலவராக வாழும் நம் ஊரில் மிகுந்த காயத்தை உண்டாக்கும். சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல் பொறுப்பாளருக்குச் சொல்லுங்கள். பின்கதவு எங்கே திறக்கும், சாவி யாரிடம், யாராவது மயங்கி விழுந்தால் 1990 அம்புலன்சுக்கு ஆலயத்தின் விலாசத்தை எப்படிச் சொல்வது என்பவற்றை முதல் நாளே கேட்டு வையுங்கள். 2004 டிசம்பர் 26உம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்; கடலலை கிழக்குக் கரையை அடைந்தது காலை வேளையில். கடற்கரையோர ஆலயங்களில் பணி செய்பவர்கள் மேட்டு நிலத்துக்குப் போகும் வழியைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதற்குமேல் காரணம் தேவையில்லை.

ஒலிபெருக்கி

இங்கே சில விதிகளை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இயக்கும்போது மிக்சரை முதலிலும் அம்ப்ளிஃபயரைக் கடைசியிலும் போட வேண்டும். நிறுத்தும்போது அம்ப்ளிஃபயரை முதலில் நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் எழும் வெடிச்சத்தம் ஸ்பீக்கரைக் கெடுக்கும். மைக்கைத் தட்டியோ ஊதியோ சோதிக்காமல், வாசகர் நிற்கும் இடத்தில் நின்று இயல்பான குரலில் ஒரு வசனத்தை வாசித்துப் பாருங்கள். மைக் ஸ்பீக்கரை நோக்கியிருந்தால் கூச்சல் எழும். சத்தத்தைக் குறைப்பதற்கு முன் மைக்கின் திசையை மாற்றுங்கள். வயர்லெஸ் மைக்குக்கு மேலதிக மின்கலம் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும். கேபிளை முழங்கையில் சுற்றி இறுக்கினால் உள்ளே கம்பி அறும். அதன் இயல்பான வளைவுக்கே விட்டுச் சுருட்டுங்கள். கடற்காற்றின் உப்பு இணைப்புகளை அரித்துவிடுவதால், வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து உறையிட்டு மூடுவது நம் ஊரில் கட்டாயம்.

மின்சாரம் நின்றால் ஓடித் திரியாதீர்கள். முதலில் அம்ப்ளிஃபயரை நிறுத்துங்கள், பிறகு ஜெனரேட்டரை இயக்கச் சொல்லுங்கள், மின்னழுத்தம் சீரான பின் மீண்டும் போடுங்கள். அதுவரை குருவானவர் உரத்துப் பேசுவார், சபையார் பொறுத்துக்கொள்வார்கள்.

பணமும் பிள்ளைகளும்

காணிக்கைப் பணத்தை எவரும் தனியாக எண்ணக் கூடாது, தனியாகக் கொண்டுபோகவும் கூடாது. எப்போதும் இருவர், முடிந்தால் ஒரே குடும்பத்தைச் சேராத இருவர், ஒரே மேசையில் எண்ணி, தொகையைத் தாளில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டுப் பொருளாளரிடம் கையளிக்க வேண்டும். "நம்ம தம்பிதானே" என்று சொல்லி இந்த முறையைத் தளர்த்த யாராவது முன்வந்தால், அன்போடு மறுத்துவிடுங்கள். இந்த ஒழுங்கு காணிக்கையையும் உங்கள் பெயரையும் சேர்த்தே காக்கிறது.

பிள்ளைகளோடு பணி செய்பவர்களுக்கும் அதே நியாயம். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்காதீர்கள். இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். வகுப்பு முடிந்ததும் பெற்றோரிடமோ அவர்கள் சொன்னவரிடமோ மட்டும் பிள்ளையை ஒப்படையுங்கள். பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளையின் படத்தை முகநூலில் இட வேண்டாம். பிள்ளை ஒன்று தனக்கு நேர்ந்த தீங்கைச் சொன்னால், அதைச் சபைக்குள் மூடிவைக்க எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற இலக்கம் அதற்காகவே இருக்கிறது.

திருநாட்காலம்

குழுவின் உண்மையான சோதனை டிசம்பரிலும் தவக்காலத்தின் கடைசி வாரத்திலும் வருகிறது. திருவருகைக்காலம் தொடங்கியதும் கரோல் சுற்று, ஒளிவிழா, நத்தார் நள்ளிரவு அல்லது அதிகாலை ஆராதனை, ஆண்டிறுதி ஆராதனை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வரும், அதுவும் வடகீழ்ப் பருவமழையின் நடுவே. குருத்தோலை ஞாயிறு முதல் உயிர்த்த ஞாயிறு வரையிலும் அப்படியே. பெரிய வியாழன் இரவும் பெரிய வெள்ளிப் பகலும் நீண்ட ஆராதனைகள். இக்காலத்துக்கான பொறுப்புகளை ஒரு மாதம் முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போக வேண்டியவர் போகட்டும், ஆனால் எந்த நாள் வரை இருப்பார் என்பதை நவம்பரிலேயே சொல்லட்டும். இங்கேயே வீடுள்ளவர்கள்மீதுதான் எல்லாச் சுமையும் விழும் என்பதைப் பொறுப்பாளர்களும் நினைவில் வைத்து, ஜனவரியில் அவர்களுக்கு ஒன்றிரண்டு ஞாயிறுகள் ஓய்வு கொடுப்பது நியாயமானது.

திருத்தங்களை ஏற்றல்

முதல் மாதங்களில் உங்களுக்கு நிறையத் திருத்தங்கள் சொல்லப்படும். சில அன்பாக வரும், சில சபையார் முன்னிலையில் சற்றுக் கடுமையாக வரும். அந்த இடத்தில் "சரி அக்கா" என்று சொல்லிச் செய்துவிட்டு, மனம் நொந்திருந்தால் அன்று மாலை அவரிடமே தனியாகப் பேசுங்கள். மூன்றாம் ஆளிடம் பேசினால் அது செவ்வாய்க்கிழமைக்குள் இரு குடும்பங்களின் விவகாரமாகிவிடும். பல ஆண்டுகளாகப் பீடத்துக்குப் பூச்சோடனை செய்துவரும் ஒரு மாமியின் முறை உங்களுக்குப் பழமையாகத் தோன்றலாம். எந்தப் பூ மதியம் வரை வாடாமல் நிற்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஓராண்டு அவரோடு நின்று கற்றபின் உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.

விலகும்போது

இந்த ஊருக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்த பலர் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவது இயல்பு. கடிதம் கைக்கு வந்ததும் பொறுப்பாளருக்குச் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் இடத்துக்கு வருபவரை இரண்டு ஞாயிறு பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள். மிக்சரில் எந்தக் குமிழ் எந்த மைக்குக்கு, மேலதிக மின்கலம் எந்த இழுப்பறையில், பாட்டுப் புத்தகங்கள் எத்தனை, மழைநீர் எந்த யன்னலால் உள்ளே வரும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி ஒலிபெருக்கி அலுமாரியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். ஆலயச் சாவியை நண்பர் மூலம் அனுப்பாமல் நீங்களே கொண்டுபோய்க் குருவானவரிடமோ பொறுப்பாளரிடமோ கொடுங்கள். அடுத்த மாதப் பட்டியலிலிருந்து உங்கள் பெயர் நீக்கப்பட்டதை உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகே வட்ஸ்அப் குழுவிலிருந்து விலகுங்கள்.